மூன்று கணினிகள், ஒரே அமைப்புக் கோப்பு: நிக்ஸ்ஓஎஸ் அமைப்பை ஆண்டுக்கணக்கில் எப்படிப் பேணுகிறீர்கள்?

கேள்வி: கொருக்குப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் வகை இயங்குதளமான நிக்ஸ்ஓஎஸ்ஸை 2023 நடுவில் 23.05 பதிப்பில் (பதிப்பு எண் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்) தொடங்கிய நான், இப்போது, மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் ஒரே கிட் களஞ்சியத்தைக் கொண்டு மூன்று கணினிகளை நடத்திவருகிறேன்: என் மடிக்கணினி, காசிமேட்டில் அப்பா நடத்தும் விசைப்படகு உதிரிபாகக் கடையின் பில் கணினி, தங்கையின் பழைய மடிக்கணினி. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு, அதன்படி கணினியையே கட்டிக்கொள்ளச் செய்யும் இந்த முறையின் அருமை எனக்கு அந்த ஆண்டு டிசம்பரில்தான் முழுமையாகப் புரிந்தது. பழுது பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்திருந்த பில் கணினி, மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் ஏறிய தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்து செத்துப்போனது. மின்சாரம் வந்த பிறகு ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு பழைய திங்க்பேடில், அப்போதுதான் வெளிவந்திருந்த 23.11 பதிப்பை நிறுவி, களஞ்சியத்தை இறக்கி, வட்டின் அடையாள எண்கள் உள்ள வன்பொருள் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்கிக்கொண்டேன். ஒரே மாலையில் கடைக் கணினி பழையபடி எழுந்து நின்றது.

ஆனால், எழுந்து நிற்காதவையும் இருந்தன. வைஃபை, மின்னஞ்சல் கடவுச்சொற்களை ஏஜெனிக்ஸ் என்ற கருவி கொண்டு மறையாக்கம் செய்து களஞ்சியத்திலேயே வைத்திருந்தேன். அவற்றைத் திறக்கும் சாவியோ, மூழ்கிய கணினியின் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சாவி ஒன்றுதான். பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியதைப் போன்ற வேலை. ரசீது அச்சுப்பொறியின் அமைப்பு எங்கும் எழுதப்படவே இல்லை. பில் தரவுத்தளம் மட்டும், வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுக்கும் பழக்கம் இருந்ததால் பிழைத்தது.

அதற்கடுத்து நான் செய்த தவறு இன்னும் மோசமானது. கோப்பில் ‘சிஸ்டம்.ஸ்டேட்வெர்ஷன்’ என்ற வரி 23.05 என்றே இருப்பதைப் பார்த்து, கணினி 23.11-இல் இருக்கும்போது இது பழையதாக இருக்கிறதே என்று 2024 மார்ச்சில் அதையும் 23.11 என மாற்றிவிட்டேன். மறுநாள் காலை அப்பா கடையைத் திறந்து முதல் பில் போட்டபோது, பில் எண் 1 என்று அச்சாகி வந்தது. அட்டவணைகள் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும்படி நான் நிரலை எழுதியிருந்ததால், பிழைச் செய்திகூட வரவில்லை. முந்தைய தலைமுறைக்கு, அதாவது மாற்றத்துக்கு முன் கட்டிய அமைப்பு நிலைக்கு, திரும்பியதும் எல்லா பில்களும் வந்துவிட்டன என்றாலும், ஏன் போயின, ஏன் வந்தன என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. அடுத்த மாதத்தோடு புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டேன். எந்த நாளின் மென்பொருள் பொதித் தொகுப்பைப் பயன்படுத்துவது என்பதைப் பதிந்துவைக்கும் ஃபிளேக் பூட்டுக் கோப்பு 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. கோப்புகளோ வளர்ந்துகொண்டே போய், ‘கடைப் பாத்திரம்’, ‘வீட்டுப் பாத்திரம்’ (கணினி ஆற்றும் பங்கு) என்று நானே உருவாக்கிய விருப்பத்தேர்வு அடுக்குகளோடு இரண்டாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டன. அவற்றில் பாதியை எதற்காக எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

23.11-இலிருந்து 25.05-க்கு எப்படித் தாண்டுவது என்பது என் முதல் கேள்வி. பல ஆண்டுகளாக இதைச் செய்பவர்கள், எதைக் கோப்பில் எழுதுகிறீர்கள், எதை எழுதாமல் விடுகிறீர்கள் என்பது இரண்டாவது.

மறுமொழி: வியாசர்பாடி மூத்தவர்

தம்பி, முதலில் அந்தக் காணாமற்போன பில்களின் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஸ்டேட்வெர்ஷன் என்பது கணினி இப்போது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதைச் சொல்லும் வரி அன்று. கணினியில் தேங்கியிருக்கும் தரவு எந்தப் பதிப்பின் வழக்கப்படி உருவானது என்பதைச் சொல்லும் வரி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பை நிறுவுவது என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், நிக்ஸ்ஓஎஸ் இந்த வரியைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது: 22.05 முதல் 23.05 வரை என்றிருந்தால் 14, 23.11 அல்லது 24.05 என்றால் 15, 24.11 அல்லது 25.05 என்றால் 16. தரவுக் கோப்புறையும் பதிப்பு எண்ணின் பெயரிலேயே இருக்கும். நீங்கள் அந்த வரியை மாற்றியதும் 14 என்ற கோப்புறை தொடப்படாமல் அப்படியே கிடக்க, 15 என்ற வெற்றுக் கோப்புறையில் புதிய தரவுத்தளம் ஒன்று எழுந்தது. முந்தைய தலைமுறைக்குத் திரும்பியபோது மறுபடியும் 14 திறக்கப்பட்டது. அன்று தரவு அழியாததற்குக் காரணம் ரோல்பேக் (முந்தைய தலைமுறைக்குத் திரும்புவது) என்று நினைத்துவிடாதீர்கள். ரோல்பேக் நிரல்களையும் அமைப்பையும் மட்டுமே திருப்பும். நிரல்கள் தம் தரவைச் சேமிக்கும் ‘வார்’ (/var) கோப்புறையில் உள்ளதை அது ஒருபோதும் திருப்பாது. இடைப்பட்ட நேரத்தில் போட்ட அந்த ஒன்றாம் எண் பில், இன்றும் 15 என்ற கோப்புறைக்குள் இருக்கும்.

ஆகவே அந்த வரியை 23.05 என்றே விட்டுவிடுங்கள். பத்து ஆண்டுகள் ஆனாலும் அது அப்படியே இருக்கலாம். ஆனால், போஸ்ட்கிரெஸ் பதிப்பை மட்டும் உங்கள் கோப்பில் வெளிப்படையாக 14 என்று எழுதுங்கள். 14-க்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது என்பதால், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழு நகலெடுத்து, புதிய பதிப்பில் ஏற்றி, பில் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த வரியை நீங்களே கையால் மாற்றுங்கள். தரவோடு தொடர்புள்ள எந்த முடிவையும் இயல்பிருப்புக்கு (நாம் சொல்லாவிட்டால் கணினியே எடுக்கும் முடிவுக்கு) விடக்கூடாது என்பது, என் அலுவலகத்தில் ஒருமுறை அடிபட்டுக் கற்றது.

இனி, தாண்டுவதைப் பற்றி. ஒரே தாவலில் 25.05-க்குப் போவதை எதுவும் தடுக்காது. இருந்தாலும் 24.05, 24.11, 25.05 என்று படிப்படியாகப் போகவே நான் பரிந்துரைப்பேன். ஒரு விருப்பத்தேர்வின் பெயர் மாறும்போது, பழைய பெயரைக் கண்டால் புதிய பெயரைச் சொல்லி எச்சரிக்கும் ஒரு வரியைப் பராமரிப்பாளர்கள் விட்டுவைப்பார்கள். அந்த உதவி வரியும் சில பதிப்புகள் கழித்து நீக்கப்பட்டுவிடும். படிப்படியாகப் போனால் ‘ஹார்ட்வேர்.ஓப்பன்ஜிஎல்’ இப்போது ‘ஹார்ட்வேர்.கிராஃபிக்ஸ்’ ஆகிவிட்டது என்று 24.11-இலும், ‘ஹார்ட்வேர்.பல்ஸ்ஆடியோ’ இப்போது ‘சர்வீசஸ்.பல்ஸ்ஆடியோ’ ஆகிவிட்டது என்று 25.05-இலும் கணினியே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் கட்டளையை ‘பில்ட்’ என்று மட்டும் கொடுத்து, ஓடும் கணினியைத் தொடாமல் புதிய தலைமுறையைக் கட்டிப்பாருங்கள். பிறகு என்விடி என்ற சிறு கருவியால் பழையதற்கும் புதியதற்கும் இடையே எந்தெந்தப் பொதிகள் மாறியுள்ளன என்று படித்துவிட்டு, ‘ஸ்விட்ச்’ கொடுக்காமல் ‘பூட்’ கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். இயங்குதளத்தின் கருவான கர்னலும், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியும் ஒருசேர மாறும் பெரிய தாவல்களில், ஓடும் வண்டியின் சக்கரத்தை மாற்றாமல் இருப்பதே நல்லது. பயனரின் சொந்த அமைப்புகளைப் பேணும் ஹோம் மேனேஜர் வைத்திருந்தால், அதன் கிளையையும் அதே படியில் அதே எண்ணுக்கு நகர்த்த மறக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வட்டில் கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கும் தொடக்கப் பகிர்வு சிறியதாக இருந்தால் ஒவ்வொரு தலைமுறையின் கர்னலும் அதில் வந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் இடமில்லை என்று பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். தொடக்க நிரலான சிஸ்டம்டி-பூட்டில் தலைமுறை வரம்பை ஐந்து அல்லது எட்டு என்று வையுங்கள். இரண்டாவது, இடம் போதவில்லை என்ற எரிச்சலில் குப்பை அகற்றும் கட்டளையைச் சிறிய ‘டி’ (-d) குறியோடு ஓட்டிவிடாதீர்கள். அது பழைய தலைமுறைகள் அனைத்தையும் அழித்துவிடும். அதன் பிறகு இறங்கிவர ஏணி இருக்காது. முப்பது நாளுக்கு முற்பட்டதை மட்டும் அகற்றும்படி நாள் வரம்பு கொடுத்தால் போதும்.

பூட்டுக் கோப்பை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்ததைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதே கோப்பிலிருந்து அதே கணினி திரும்பத் திரும்பக் கிடைக்கிறது என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே ஓட்டைகளும் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன என்பது அதன் மறுபக்கம். 23.11-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் இறுதியோடு நின்றன. அதற்கு மறுநாள், ஜூலை 1 அன்று, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 8.5பி1 முதல் 9.7பி1 வரையிலான பதிப்புகளைப் பாதிக்கும் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானது. உங்கள் ஏப்ரல் பூட்டில் இருப்பது அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். கடைக் கணினியில் எஸ்எஸ்எச் திறந்திருந்தால், இந்தத் திரியைப் படித்து முடிக்கும் முன் அதை மூடிவிடுங்கள்.

சாவி பற்றி: ஏஜெனிக்ஸிலும் அதைப் போன்ற சாப்ஸ்-நிக்ஸிலும் ஒரு மறைபொருளை ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளுக்கு மறையாக்கம் செய்யலாம். கணினியின் சாவி ஒன்று, உங்கள் சொந்தச் சாவி ஒன்று. பின்னதை ஒரு பென்டிரைவிலும் ஒரு தாளிலும் வைத்து, தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள். நம் பக்கத்தில் அது பரண்தான்.

மறுமொழி: பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். மேலே மூத்தவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்ல. மொழிபெயர்ப்பு என் தொழில், நிக்ஸ்ஓஎஸ் என் தொழிலுக்கான கருவி. ஆகவே இரண்டாயிரம் வரிகள் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

நானும் அப்படித்தான் அடுக்கின் மேல் அடுக்காகக் கட்டிவைத்திருந்தேன். ‘எழுத்துப்பணி’ என்று நானே ஒரு விருப்பத்தேர்வை உருவாக்கி, அதை இயக்கினால் எழுத்துருக்களும் விசைப்பலகையும் அகராதிகளும் அலுவலகப் பொதியும் ஒருசேர வரும்படி செய்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 24.11-இல் உள்ளீட்டு முறைக்கான ‘எனேபிள்ட்’ என்ற ஒற்றை விருப்பத்தேர்வு, ‘எனேபிள்’, ‘டைப்’ என்று இரண்டாகப் பிரிந்தபோது வந்த எச்சரிக்கை, என் கோப்பின் எந்த வரியைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மாலை போனது. அந்த மதிப்பு மூன்று கோப்புகளைக் கடந்து, இரண்டு நிபந்தனைகளுக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தது. ஆவணத்தைத் தேடினால் நிக்ஸ்ஓஎஸ்ஸின் பெயர்களுக்கு விளக்கம் கிடைக்கும். நான் வைத்த பெயர்களுக்கு யார் விளக்கம் எழுதியிருப்பார்கள்? அடுத்த வாரமே என் அடுக்குகள் அனைத்தையும் பிரித்துப்போட்டேன். இப்போது கணினிக்கு ஒரு கோப்பு, பொதுவானவற்றுக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான். இரண்டு கணினிகளில் ஒரே நான்கு வரிகள் திரும்ப வருகின்றன என்றால், வந்துவிட்டுப் போகட்டும். மூன்று கணினிகளுக்கு ‘பாத்திரங்கள்’ தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அவை நூறு கணினிகளை நடத்துகிறவர்களின் பிரச்சினைக்கு உரிய மருந்து. நமக்கு அது பக்கவிளைவை மட்டுமே தரும்.

வரிகளைக் குறைத்ததைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது குறிப்பு எழுதும் பழக்கம். வழக்கத்துக்கு மாறான எந்த வரியை எழுதினாலும், அதன் மேலே மூன்று செய்திகளை எழுதுகிறேன்: எந்த நாள், என்ன கோளாறுக்காக, எது நடந்தால் இதை நீக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். ஒருமுறை, மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு தமிழ்க் கோப்புகளைச் சரியாகத் திறக்கவில்லை என்பதற்காக, நிக்ஸ்ஓஎஸ்ஸின் பொதித் தொகுப்பான நிக்ஸ்பேக்கேஜஸின் பழைய பதிப்பு ஒன்றை இரண்டாவது உள்ளீடாகச் சேர்த்து, அந்த ஒரு மென்பொருளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கோளாறு சில மாதங்களில் சரியாகிவிட்டது. நானோ அந்த வரியை இரண்டு ஆண்டுகள் சுமந்தேன். பழைய உள்ளீடு தனக்கான அடிப்படை நூலகங்கள் அத்தனையையும் தன்னோடு இழுத்துவரும் என்பதால் வட்டில் இடமும் போனது, திருத்தம் பெறாத நூலகங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ‘இந்தக் கோளாறு சரியானதும் நீக்கு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த பதிப்பு மாற்றத்தின்போதே என் கண்ணில் பட்டிருக்கும்.

எதை எழுதாமல் விடுவது என்று கேட்டிருந்தீர்கள். தினமும் கைவைக்கும் அமைப்புகளை நான் ஹோம் மேனேஜருக்குள் எழுதுவதில்லை. எழுத்துத் திருத்தியின் ஒரு நிறத்தை மாற்ற முழு அமைப்பையும் மீண்டும் கட்ட வேண்டியிருந்தால், விரைவிலேயே நிறத்தை மாற்றுவதையே நிறுத்திவிடுவோம். அப்படிப்பட்ட கோப்புகளைக் களஞ்சியத்தில் அப்படியே வைத்து, திருத்த முடியாத நிக்ஸ் கிடங்குக்கு வெளியே சுட்டும் இணைப்பு ஒன்றை மட்டும் ஹோம் மேனேஜரைக் கொண்டு உருவாக்குகிறேன். உலாவியின் அமைப்புகளைத் தொடுவதே இல்லை. மாறாக, எது இல்லாவிட்டால் மறுநாள் என் வேலை நிற்குமோ, அதைக் கட்டாயம் எழுதுகிறேன்: தமிழ்த் தட்டச்சுக்கான ஃபிசிட்எக்ஸ்5, அதன் எம்17என் நீட்சி, தமிழ்99 அமைப்பு, நோட்டோ தமிழ் எழுத்துருக்கள், பணிக்கோப்புகளின் காப்புநகல் அட்டவணை.

மூத்தவரோடு ஒரு சிறு கருத்து வேறுபாடும் உண்டு. என்விடி பட்டியலை ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து படிப்பது அவரைப் போன்றவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அது வேலை. நிலையான கிளையில் இருந்துகொண்டு, வாரந்தோறும் பூட்டுக் கோப்பைப் படிக்காமலேயே நகர்த்துகிறேன். மே மாதமும் நவம்பரும் வரும் பதிப்பு மாற்றத்தை மட்டும், வெளியான மூன்றாவது வாரத்தில், வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்கிறேன். பழைய பதிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதல் ஆதரவு இருப்பதால், அந்த மூன்று வாரம் காத்திருப்பதில் இழப்பில்லை.

மறுமொழி: திருவொற்றியூர் டெபியன் பயனர்

எல்லோரும் நிக்ஸ்ஓஎஸ்ஸுக்குள் நின்று பேசுகிறீர்கள் என்பதால், வெளியே நின்று ஒன்று கேட்கிறேன். நண்பர் ஊரில் இல்லாத ஒரு நாளில் அந்தக் கடைக் கணினி கோளாறானால், அதை யார் சரிசெய்வார்கள்? தெருமுனையில் உள்ள கணினி பழுதுபார்ப்பவருக்கு உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் என்றால் ஓரளவு கைவரும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்ஸி (/etc) கோப்புறையில் ஒரு கோப்பைத் திருத்தப்போய் அது எழுத முடியாத கோப்பு என்று கண்டால் அவர் என்ன செய்வார்? சொந்த மடிக்கணினியில் நாம் விரும்பிய எதையும் செய்யலாம். அப்பாவின் பிழைப்பு ஓடும் கணினி வேறு.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து ஆண்டுகள் அதன் பதிப்பை மாற்ற வேண்டியதில்லை. எட்ஸி கோப்புறையை எட்ஸிகீப்பர் என்ற கருவி கொண்டு கிட்டில் வைத்து, நிறுவலை, தானியங்கி நிறுவல் கருவியான ஆன்சிபிளுக்கு ஒரு நிரலாக எழுதிவிட்டால், வெள்ளத்தில் இன்னொரு கணினி போனாலும் அதே ஒரு மாலையில் மீட்டுவிடலாம். ஆன்சிபிளின் குறை எனக்குத் தெரியாதது அன்று: அதில் ஒரு வரியை நீக்கினால் கணினியிலிருந்து அந்தப் பொதி நீங்காது, நீக்கு என்று இன்னொரு வரி எழுத வேண்டும்; அதனால் ஆண்டுகள் போகப் போக எழுதியதற்கும் இருப்பதற்கும் இடையே இடைவெளி விழும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் பொதிகளைப் பொறுத்தவரை அந்த இடைவெளி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பில் மென்பொருளும் ஓர் அச்சுப்பொறியும் மட்டும் உள்ள கணினியில் அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகிவிடப் போகிறது?

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொருக்குப்பேட்டைக்காரன்

மூவருக்கும் நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகு எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னபடி முதலில் எஸ்எஸ்எச்சை மூடினேன்; போஸ்ட்கிரெஸ் 14 என்று வெளிப்படையாக எழுதினேன். 15 என்ற கோப்புறை அப்படியே இருந்தது. அதைத் திறந்து பார்த்ததில் அந்த ஒன்றாம் எண் பில்லும் இருந்தது. ஒரு புரொப்பல்லர் நட்டு, இரண்டு ஆயில் சீல். அதை இப்போது உரிய எண்ணில் சேர்த்துவிட்டேன்.

தங்கையின் மடிக்கணினியை முதலில் ஏற்றினேன். 24.05-க்கு ஏறுவதில் சிக்கல் இல்லை. 24.11-இல் தொடக்கப் பகிர்வு நிறைந்து, அண்ணன் எச்சரித்தபடியே பாதியில் நின்றது. 256 எம்பி பகிர்வில் வரம்பே வைக்காமல் இருந்திருக்கிறேன். பழைய தலைமுறைகள் சிலவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் ஓட்டியதும் முடிந்தது. 25.05-இல் நிரலாளர்களுக்கான நெர்ட் எழுத்துருக்கள் ஒரே பொதியாக இல்லாமல் தனித்தனிப் பொதிகளாகப் பிரிந்துவிட்டதால் கட்டுமானம் நின்றது. எனக்குத் தேவையான இரண்டை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்தேன். இதே வரிசையில் என் மடிக்கணினியும் ஒரு மாலையில் முடிந்தது.

அக்கா சொன்னபடி ‘பாத்திரங்களை’ப் பிரித்துப் போட்டதில் இரண்டாயிரம் வரிகள் எழுநூற்றுச் சொச்சமாகிவிட்டன. பிரிக்கும்போதுதான் தெரிந்தது: இப்போது என்னிடம் இல்லாத ஒரு வைஃபை அட்டைக்கான திருத்தம் மூன்று கணினிகளிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எதற்கென்று நினைவுக்கு வராத வரிகளை நீக்காமல், ‘காரணம் மறந்துவிட்டது, 25.11 வரும்போது நீக்கிப் பார்’ என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். அப்படிப் பதினோரு வரிகள் இருக்கின்றன.

கடைக் கணினியைப் பற்றித் திருவொற்றியூர் நண்பர் கேட்டதற்கு என்னிடம் நல்ல விடையில்லை. இப்போதைக்கு, தொடக்கத் திரையில் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அப்பாவுக்கும் கடையில் வேலை செய்யும் தம்பிக்கும் இரண்டு முறை செய்துகாட்டி, நான்கு வரிகளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்தக் கணினியை மட்டும் இன்னும் 25.05-க்கு ஏற்றவில்லை, ரசீது அச்சுப்பொறிதான் தடை. ‘ஹார்ட்வேர்.பிரின்டர்ஸ்.என்ஷூர்பிரின்டர்ஸ்’ வழியாக அச்சுப்பொறியைக் கோப்பிலேயே எழுதிவிட்டேன், அச்சுச் சேவையான கப்ஸ் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தாள் அகலம் 80 மில்லிமீட்டர் என்பதை எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு முழ நீளத்துக்கு வெற்றுத்தாளைத் துப்புகிறது. தயாரிப்பாளர் தந்த பிபிடி (அச்சுப்பொறி விவரக்) கோப்பைத் தனிப் பொதியாகக் கட்டித்தான் சேர்க்க வேண்டுமா, அல்லது பொதுவான இயக்கியிலேயே இதைச் சரிசெய்தவர்கள் யாரேனும் உண்டா?